புரோட்டோன் ஈஸ்வாரா கார் இருபது நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

பால்மரத்துப் பையன்: வணக்கம். காடி எடுத்து இருபது நிமிடம் ஆனதும் இழுவை போய் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. ஃபில்டர் புதிது, பிளக் புதிது. நாளைக்குக் காலை ஷிஃப்ட். எதை மாற்றலாம்?

கடைசி பெஞ்ச்: எஞ்சின் 1.3ஆ 1.5ஆ? எந்த வருடம்? மத்தியானம் மட்டுமா, காலையிலுமா?

காயில் கந்தன்: பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில்தான். சூடானால் சாகும், ஆறினால் உயிர் வரும். யோசிக்கவே வேண்டாம்.

டீசல் மாமா: பெட்ரோல் எண்ணெயில் தண்ணீர். டாங்கியை இறக்கிக் கழுவு.

பால்மரத்துப் பையன்: 1.3, கார்புரேட்டர், 1997. எல்லா நேரமும் நிற்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், போன மாதம் எஞ்சின் பக்கம் இருந்த கறுப்பு டப்பாவைக் கழற்றிவிட்டேன், பெட்ரோல் வாடை தாங்கவில்லை. ஹோஸ்களில் போல்ட் வைத்து அடைத்தாகிவிட்டது.

பழைய ஃபோர்மேன்: சொல்ல மறந்ததுதான் தம்பி முழுக் கேள்வியுமே. மூன்று பேர் காயிலும் தண்ணீரும் தேடி அலைந்தாயிற்று. அந்த டப்பாவுக்குள் கரி இருக்கிறது. டாங்கியில் எழும் ஆவியை அது பிடித்துவைக்கும், எஞ்சின் ஓடும்போது இழுத்து எரித்துவிடும். டாங்கி மூச்சு வாங்குவதும் அந்த வழியாகத்தான். பம்பு உறிஞ்ச உறிஞ்ச உள்ளே காற்று வர வேண்டும். பாக்கெட் மைலோவை ஸ்ட்ராவில் விடாமல் உறிஞ்சிப் பார், பாக்கெட் ஒட்டிக்கொள்ளும். இதுகூடத் தெரியாமல் ஏன் ஸ்பேனரைத் தொடுகிறீர்கள்?

காயில் கந்தன்: எண்ணெய் மூடியிலேயே காற்று இழுக்கிற வால்வு இருக்குமே ஃபோர்மேன் சார். அதனால் காயில்தான்.

கடைசி பெஞ்ச்: நல்ல கேள்வி. தம்பி, மூடி ஒரிஜினலா? அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள்.

பால்மரத்துப் பையன்: மூடி தொலைந்து கடையில் வேறு வாங்கிப் போட்டது. இப்போது ஈஜோக் போகிற வழியில் நின்றது. திறந்ததும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, பின்னால் அடியில் டாங்கித் தகரம் ‘டொங்’ என்று எழும்பியது. உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது!

டீசல் மாமா: அப்போ போல்ட்டைப் பிடுங்கி ஹோஸைத் திறந்தே விடு. வேலை முடிந்தது.

கடைசி பெஞ்ச்: மாமா, அந்த ஹோஸ் எஞ்சின் இருக்கும் இடத்துக்கு வருகிறது, பக்கத்திலேயே சூடான எக்சாஸ்ட். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே பறந்து போகாது, தரையோடு தவழும். லயத்து வீட்டில் காடிக்கும் அடுப்புக்கும் பத்தடிகூட இருக்காது. தம்பி, பத்தாங் பெர்ஜுந்தையில், பழைய காடிகளைப் பிரித்து விற்கும் பொத்தோங் கடையில் டப்பா கிடைக்கும், அதை மாட்டுங்கள். மாட்டும்வரை காடியை எடுக்காதீர்கள். மூடியையும் மாற்றுங்கள். அப்புறம், பெட்ரோல் ஊற்றும்போது டாங்கி நிறைந்து நாசில் டக்கென்று நின்ற பிறகும் முப்பது வெள்ளி கணக்கு வர ஊற்றுவீர்களா? அப்படி ஊற்றினால் எண்ணெய் கரிக்குள் இறங்கி டப்பா கெடும். உங்கள் வாடைக்கே அதுதான் காரணமாக இருக்கும்.

நல்லபெயர்: பத்தாங் பெர்ஜுந்தை இல்லை, பெஸ்தாரி ஜெயா. 2007இலேயே மாற்றியாயிற்று.

டீசல் மாமா: என் அடையாள அட்டையில், ஐசியில், பிறந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தைதான். போய் அதை மாற்று.

நல்லபெயர்: பழைய பெயருக்கு மலாயில் ‘தொங்கும் தண்டு’ என்று அர்த்தம் வரும், பெண்பிள்ளைகள் ஊர்ப் பெயர் சொன்னால் வகுப்பே சிரிக்கும். உங்களுக்கு என்ன தெரியும்?

பழைய ஃபோர்மேன்: இது காடிப் பிரிவு.

டீசல் மாமா: பஸ் போர்டில் என்ன எழுதியிருந்தது என்று உன் அப்பாவைக் கேள்.

பால்மரத்துப் பையன்: டப்பா கிடைத்தது, 40 வெள்ளி. மூடியும் மாற்றினேன். கோல சிலாங்கூர் போய் வந்தேன், நிற்கவில்லை. ஆமாம், கணக்கு வர ஊற்றுகிற ஆள்தான். நன்றி.

காயில் கந்தன்: காயிலையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.