மழையில் முன்கண்ணாடி ஆவி படிந்து மறைக்கிறது: ஹீட்டர் போடணுமா, ஏசி போடணுமா?

சிறுவாணி (கேள்வி)

வணக்கம். வண்டி 2019 மாடல், 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக். ஆட்டோ கிளைமேட் கிடையாது, திருகுற குமிழ் மூணுதான்: காத்து வேகம், குளிர்-சூடு, காத்து போற திசை. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் ஏறும்போது மழை பிடிச்சு, வண்டிக்குள்ள அஞ்சு பேர் இருந்தா, பர்லியாறு தாண்டுறதுக்குள்ள முன்கண்ணாடி வெள்ளையா மறைஞ்சுடுது.

ஏசியை அணைச்சு, ஹீட்டரை முழுச் சூட்டுல வச்சுப் பார்த்தாச்சு. வெளிக்குளிர் உள்ள வரக்கூடாதுன்னு ரீசர்குலேஷன் (உள்காத்தே திரும்பச் சுத்துறது) பட்டனையும் போட்டிருந்தேன். கொஞ்சம் தெளியிற மாதிரி இருந்து, அப்புறம் முன்னைவிட மோசம். ஏசியைக் கடைசிக் குளிருக்கு வச்சா உள்ள தெளியுது, ஆனா பின்சீட்ல குழந்தைங்க நடுங்குறாங்க. அதோட, கொஞ்ச நேரத்துல கண்ணாடியோட அடிப்பக்கம் ஒரு பட்டை மாதிரி மங்குது. அதைத் துணியால துடைச்சாலும் போகல.

ஏத்தத்துல ஏசி போட்டா வண்டி இழுக்க மாட்டேங்குது. பீடித்தூள் தேய், உருளைக்கிழங்கு தேய்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எந்தக் குமிழை எங்க வைக்கணும்னு தெளிவா சொல்லுங்க அண்ணா.

கியர்பெட்டி

நீங்கள் சொல்வதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. முதலில் ஆவி உள்ளே படிகிறதா வெளியே படிகிறதா என்று பாருங்கள். உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால் ஆவி உள்ளே இருக்கிறது. கோடு விழாமல், வைப்பர் ஒருமுறை ஓடியதும் போய்விட்டால் அது வெளியே இருக்கிறது. ஒன்றுக்குச் செய்வதை மற்றொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும்.

மலையேறும்போது நடப்பது உள்பக்க ஆவி. மூச்சு, வேர்வை, நனைந்த உடை, குடை எல்லாமே காற்றில் ஈரம் சேர்க்கும். ஐந்து பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் ஆவியாக வண்டிக்குள் கலக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 டிகிரியில் 13 கிராம்தான் தாங்கும். மழையில் நனைந்த கண்ணாடி 15 டிகிரிக்கு வந்ததும், அதைத் தொடும் காற்று தாங்க முடியாத மீதி ஈரம் அங்கேயே படிகிறது.

உங்கள் ஹீட்டர் முயற்சி தோற்றதற்குக் காரணம் அந்த ரீசர்குலேஷன் பட்டன். சூடான காற்று இன்னும் அதிக ஈரத்தை ஏற்றுக்கொள்ளும், சரி. ஆனால் அந்த ஈரம் வெளியே போக வழி இல்லாததால் அதே காற்று சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடியில் மறுபடி இறங்குகிறது.

குமிழ்களை இப்படி வையுங்கள்:

1. திசைக் குமிழ்: முன்கண்ணாடிப் படம். விசிறி வடிவக் கண்ணாடி, அதன்மேல் வளைந்து ஏறும் மூன்று அம்புகள். நீள்சதுரத்தில் அம்பு இருந்தால் அது பின்கண்ணாடி.
2. ரீசர்குலேஷன்: அணைக்க வேண்டும். காருக்குள்ளேயே வளைகிற அம்புப் படத்தில் விளக்கு எரியக்கூடாது.
3. ஏசி: போட வேண்டும்.
4. குளிர்-சூடு: நடுவைத் தாண்டிச் சூட்டுப் பக்கம்.
5. காற்று வேகம்: முதலில் முழுசு. தெளிந்த பிறகு 2.

ஏசியும் சூடும் ஒரே நேரத்தில் எதற்கு என்று தோன்றும். இந்த இழையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புளோயர் தள்ளும் காற்று முதலில் ஏசியின் கூலிங் காயில் (குளிர்ந்த குழாய்ச் சுருள்) வழியாகப் போகிறது. காயில் உறைநிலைக்குச் சில டிகிரி மேலே இருப்பதால் காற்றின் ஈரம் அதன் தகடுகளில் தண்ணீராகி, குழாய் வழியே தரையில் சொட்டிவிடும். அடுத்து அதே காற்று ஹீட்டர் கோர் வழியாகப் போகிறது. அதற்குள் ஓடுவது சுமார் 90 டிகிரி சூட்டில் இருக்கும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். கடைசியில் கண்ணாடிக்கு வந்து சேர்வது உலர்ந்த, வெதுவெதுப்பான காற்று. ஏசி ஈரத்தை எடுக்கிறது, ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்குகிறது. குழந்தைகளும் நடுங்க மாட்டார்கள்.

பட்டறைக்காரர்

கியர்பெட்டி சொன்ன 2-ஆம் படியில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். "வெளியே மழை கொட்டுது, அந்தக் காத்தை உள்ள விட்டா ஈரம் அதிகமாகாதா?" என்று கேட்பார்கள். அதிகமாகாது. மலையில் 16 டிகிரி மழைக்காற்றில், ஈரம் நூறு சதவீதம் இருந்தாலும், கன மீட்டருக்கு 13, 14 கிராம்தான் நீராவி இருக்கும். அது உள்ளே வந்து 26 டிகிரிக்குச் சூடானதும் ஈரப்பதம் 55 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். ஐந்து பேர் மூச்சுவிட்ட காற்றைவிட அந்த மழைக்காற்று உலர்ந்ததுதான்.

சில மாடல்களில் முன்கண்ணாடிப் படத்துக்குத் திருப்பியதும் ஏசியும் வெளிக்காற்றும் தானாக வந்துவிடும். உங்களுடையது போன்ற குமிழ் வண்டிகளில் பல அப்படிச் செய்யாது. சில பழைய வண்டிகளில் ரீசர்குலேஷன் பட்டனே இருக்காது, கம்பியால் இழுக்கும், பக்கவாட்டில் தள்ளுகிற பிடிதான். அது பாதியில் நின்றால் காற்று பாதிதான் மாறும். கடைசிவரை தள்ளுங்கள்.

இழுவை பற்றி: ஏசியின் கம்ப்ரஸர் எஞ்சினிடமிருந்து சக்தி வாங்குவது உண்மைதான். அதற்காகக் கொண்டை ஊசியில் பார்வையை விட்டுக்கொடுக்காதீர்கள். மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே திணறாமல், இரண்டாம் கியருக்கு இறங்கி எஞ்சினைச் சுற்ற விடுங்கள். பல சிறிய கார்களில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தால் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைச் சில விநாடி துண்டித்துக் கொடுக்கும்.

பீடித்தூளும் உருளைக்கிழங்கும் வைப்பர் ஓடாத வண்டிகளில் வெளிப்பக்கம் மழைநீர் துளித்துளியாக நிற்காமல் பரவி வழிவதற்குச் செய்த கைவைத்தியம். உள்ளே தேய்த்தால் எதிர்வண்டி வெளிச்சத்தில் கண்ணாடி முழுக்கக் கோடு கோடாகத் தெரியும்.

வேளச்சேரி_டிரைவ்

இவ்வளவு எதுக்குங்க? நாலு கண்ணாடியையும் ஒரு விரல் அளவு இறக்கிவிட்டா தானா தெளியும்.

கியர்பெட்டி

@வேளச்சேரி_டிரைவ் அவசரத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஏசி கெட்டுப்போன வண்டிக்கு அதுதான் வழி. ஆனால் சாரல் உள்ளே வந்து சீட்டும் கதவுப் பஞ்சும் நனைந்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கான ஈரத்தை நீங்களே சேர்த்து வைக்கிறீர்கள். கதவில் உள்ள கண்ணாடி சுவிட்சுகளுக்கும் தண்ணீர் ஆகாது.

சிறுவாணி கேட்டதில் அந்த அடிப்பக்கப் பட்டை பாக்கி இருக்கிறது. துணியால் துடைத்தும் போகவில்லை என்றால் அது வெளிப்பக்க ஆவி. முன்கண்ணாடித் திசையில் கடைசிக் குளிரை வைத்ததால் துவாரத்துக்கு நேர் மேலே கண்ணாடி சில்லிட்டு, வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் இறங்கியிருக்கிறது. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பது போலத்தான். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழையே இல்லாத இரவிலும் இது வரும். வைப்பரை ஒருமுறை ஓட்டுங்கள், காற்றை முன்கண்ணாடியிலிருந்து முகத்துக்கு மாற்றுங்கள், குளிரைக் குறையுங்கள். டிகிரி காட்டும் வண்டியில் 18-லிருந்து 25-க்கு ஏற்றினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

சிறுவாணி

ரொம்ப நன்றி அண்ணா. நீங்க சொன்ன மாதிரியே வச்சதும் முன்கண்ணாடி சீக்கிரம் தெளிஞ்சுடுச்சு, பின்சீட்லயும் குளிரல. இப்ப ரெண்டு சந்தேகம்.

தெளிஞ்சதும் பெட்ரோல் மிச்சமாகட்டும்னு ஏசியை மட்டும் அணைச்சா, சட்டுனு முழுக் கண்ணாடியும் ஒரே வெள்ளை. முன்னாடி இருந்ததைவிட வேகமா படியுது. ஏன்?

இன்னொண்ணு, இடதுபக்கம்தான் எப்பவும் அதிகமா மங்குது. அந்தப் பக்கம் கால் மிதிக்கிற மேட்டுக்கு (ஃப்ளோர் மேட்) அடியில தொட்டுப் பார்த்தா ஈரமா இருக்கு. மழையில நிறுத்தி வைக்காத நாள்லயும் இருக்கு.

பட்டறைக்காரர்

முதல் சந்தேகம்: ஏசி ஓடும்போது காயில் முழுக்கத் தண்ணீர் ஒட்டியிருக்கும். கம்ப்ரஸர் நின்றதும் காயில் சூடேறி, அந்தத் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடிக்கே வந்து சேர்கிறது. மழை நிற்கும் வரை ஏசியை அணைக்காதீர்கள். குளிராக இருந்தால் சூட்டுக் குமிழைக் கூட்டுங்கள், ஏசி பட்டனைத் தொட வேண்டாம். சிக்னலில் எஞ்சின் தானாக அணையும் வசதி உள்ள வண்டிக்காரர்களுக்கும் இதேதான். எஞ்சின் நின்றால் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸரும் நிற்கும், மழை நாளில் அந்த வசதியை அதன் பட்டனில் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் முக்கியம். மேட்டுக்கு அடியில் ஈரம் இருந்தால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பு. இதுதான் அதிகம் வருவது. புழுக்கமான நாளில் ஏசியைப் போட்டு 15 நிமிடம் நிறுத்தி வையுங்கள். வண்டிக்கு அடியில், முன்பக்கம் டேஷ்போர்டுக்கு நேர் கீழே, தண்ணீர் சொட்ட வேண்டும். தரை காய்ந்தே இருந்து உள்ளே மேட்டு நனைந்தால் குழாயில் தூசியோ இலைச்சருகோ பூச்சிக்கூடோ அடைத்திருக்கிறது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, கீழிருந்து மெல்லிய நைலான் கம்பியை மெதுவாக விட்டு எடுத்தால் தண்ணீர் கொட்டும். பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரஸரால் முழு அழுத்தத்தில் அடிக்க விடாதீர்கள், உள்ளே குழாய் இணைப்பு கழன்றால் டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டி வரும்.

ஹீட்டர் கோர் கசிவு. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு, பச்சை அல்லது சிவப்பு நிறமாக இருந்தால் அது கூலன்ட். கண்ணாடியில் படியும் ஆவியும் எண்ணெய்ப் படலம்போல் துடைக்கத் துடைக்க இழுவும். எஞ்சின் ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் அளவு கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் விஷம். குழந்தைகள் அந்த மேட்டைத் தொட விடாதீர்கள், கசிவு உறுதியானால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

மழைநீர். வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் சருகு சேர்ந்து வடிகால் அடைத்தால் தண்ணீர் உள்ளே வரும். நீங்கள் மழை இல்லாத நாளிலும் ஈரம் என்பதால் இதற்கு வாய்ப்பு குறைவு.

கையோடு கேபின் ஃபில்டரையும் (வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டுவது) பாருங்கள். பெரும்பாலும் குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கச் சுவரையும் உள்நோக்கி அழுத்தி இறக்கினால் ஒரு நீள மூடி தெரியும். ஃபில்டர் கறுத்திருந்தால் மாற்றுங்கள். மாட்டும்போது அதன்மேல் உள்ள அம்பு காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். அடைத்த ஃபில்டரோடு புளோயர் 4-இல் ஓடினாலும் சத்தம்தான் வரும், காற்று வராது.

மின்வண்டி

ஆட்டோ கிளைமேட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு: முன்கண்ணாடி டீஃபாகர் (ஆவி நீக்கும்) பட்டனை ஒருமுறை அமுக்கினால் பெரும்பாலான வண்டிகளில் காற்று வேகம், ஏசி, வெளிக்காற்று மூன்றையும் அதுவே மாற்றிக்கொள்ளும். தெளிந்ததும் அதே பட்டனை மறுபடி அமுக்கினால் பழைய அமைப்பு திரும்பும். திரையில் மெனு மெனுவாகத் தேடாமல், இந்த ஒரு பட்டன் எங்கே என்பதைப் புறப்படும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் எஞ்சின் சூடு கிடையாது, பேட்டரிதான் சூடும் கொடுக்க வேண்டும். அதனால் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் ஓடும் தூரம்) குறையும், மலைக்குப் போகும்போது அதைக் கணக்கில் சேருங்கள். ஈகோ மோடில் பல வண்டிகள் ஏசியின் வேகத்தைக் குறைத்துவிடும், ஆவி படியும்போது நார்மலுக்கு மாற்றுங்கள்.

கியர்பெட்டி

கண்ணாடியின் உள்பக்கத்தைக் கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து கிளம்பும் ஆவி மெல்லிய படலமாக அங்கே ஒட்டும். அழுக்குக் கண்ணாடியில் ஈரம் சீக்கிரம் பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துத் துடையுங்கள், உடனே காய்ந்த இரண்டாவது துணியால் ஒருமுறை. பின்கண்ணாடியில் டீஃபாகர் கோடுகள் இருந்தால் அந்தக் கோடுகளின் போக்கிலேயே துடையுங்கள். ஸ்டிக்கர் எடுக்க பிளேடு வைத்தால் கோடு அறுந்து அந்த வரி வேலை செய்யாது.

பார்வை முழுசாக மறைந்தால் ஹசார்டு (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு ஓட்டாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்புவது தெரியாது. லோ பீம் போட்டு, அகலமான இடத்தில் சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்திய பிறகு ஹசார்டு போடுங்கள். கண்ணாடி தெளிந்ததும் கிளம்பலாம். எஞ்சினை அணைக்க வேண்டாம், ஏசி ஓடட்டும்.

சிறுவாணி

குழாய்தான் அடைப்பு. கம்பி விட்டதும் அழுக்குத் தண்ணீர் நிறைய வந்துச்சு. வாடையோ பிசுபிசுப்போ இல்ல, கூலன்ட் அளவும் சரியா இருக்கு. ஃபில்டரும் மாத்தியாச்சு. ஆனா இடதுபக்கம் இன்னும் லேசா மங்குது.

பட்டறைக்காரர்

மேட்டுக்குக் கீழே கார்பெட், அதற்கும் கீழே தடிமனான பஞ்சு இருக்கிறது. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி, கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, பஞ்சைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் வந்தால் பழைய துணியால் ஒற்றி எடுத்து, நடுவில் ஒரு கட்டை வைத்துத் தூக்கிய நிலையிலேயே கதவைத் திறந்து வெயிலில் காய விடுங்கள். வெயில் இல்லாவிட்டால் டேபிள் ஃபேன் வையுங்கள். கையில் ஈரம் ஒட்டாத வரை கார்பெட்டை மூடாதீர்கள். அடியில் ஒயர் இணைப்புகள் போகும், அவற்றை இழுக்காமல் தூக்குங்கள்.