வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வயிற்றுவலியா? கேஸ்னு விட்டுடாதீங்க

மெடிக்கல் கவுன்டர், தண்டையார்பேட்டை:
"வயிறு வலிக்குது, கேஸ் மாத்திரை குடுங்க"ன்னு வர்றவங்ககிட்ட வேற என்ன மாத்திரை ஓடுதுன்னு கேட்காம பான்டோப்ரசோலை எடுத்து நீட்டக் கூடாது. வால்ப்ரோயேட்ங்கற வலிப்பு மாத்திரை அரிதா கணையத்தை வீங்க வைக்கும், அந்த வலி கேஸ் மாதிரியே தெரியும். அட்டையில சோடியம் வால்ப்ரோயேட்னு இருந்தாலும் டைவால்ப்ரோயெக்ஸ்னு இருந்தாலும் உள்ளே போய் வேலை செய்யறது ஒண்ணுதான். ஒற்றைத் தலைவலிக்கும் மனநலத்துக்கும்கூட இதைக் குடுப்பாங்க. "ஃபிட்ஸ் உண்டா?"ன்னு மட்டும் கேட்டா நழுவிடும். அட்டையைக் காட்டச் சொல்லுங்க.

வார்டு நர்ஸ், ராயபுரம்:
கணையம் வீங்கினா வலி மேல்வயிற்றில ஆரம்பிச்சு முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தா கூடும், முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் அடங்கும். வாந்தி எடுத்தும் வலி விடாது. வாய் விட்டுச் சொல்லத் தெரியாத பிள்ளைங்க சோறைத் தள்ளிவிடும், காலை மடக்கிச் சுருண்டுக்கும், வாந்தி எடுக்கும். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். காசிமேட்டு மீன் மேல பழியைப் போட்டே ரெண்டு நாள் ஓடிடும்! "அஞ்சு வருஷமா சாப்பிடுறான், இப்ப என்ன"ங்கறதும் தப்பு. ஆரம்பிச்ச புதுசுலயும் வரும், வருஷங்கள் கழிச்சும் வரும். அரிதுதான், ஆனா சட்டுனு முற்றலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2000லயே இதை இந்த மருந்தோட கட்டம் போட்ட எச்சரிக்கையில சேர்த்துடுச்சு.

லேப், பெரம்பூர்:
கணையம் வீங்கினா ரத்தத்தில ஏறுற நொதிகள் அமைலேஸ், லைபேஸ். டெஸ்ட்டை அமைலேஸோட நிறுத்தாம லைபேஸும் எழுதச் சொல்லுங்க. லைபேஸோட மேல் வரம்பு 60ன்னா 180 தாண்டணும், அதாவது மூணு மடங்கு. வலியே இல்லாம அமைலேஸ் மட்டும் லேசா ஏறியிருந்தா பதற வேண்டாம், அது உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும் வரும். ரத்தத்தில வால்ப்ரோயேட் அளவு சரியா இருக்குங்கறதை வச்சுக் கணையம் நல்லாயிருக்குன்னு சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டில குடல் காற்று மறைச்சா கணையமே தெரியாது. ஆனாலும் பித்தப்பைக் கல்லைப் பார்க்க அது வேணும். கல், குடி, ட்ரைகிளிசரைட்ங்கற ரத்தக் கொழுப்பு, கால்சியம் எல்லாத்தையும் தள்ளின பிறகுதான் மாத்திரையைக் குற்றம் சொல்லலாம்.

வார்டு நர்ஸ், ராயபுரம்:
ஒண்ணு விட்டுப்போச்சு. உறுதியானா வால்ப்ரோயேட்டை நிறுத்தித்தான் ஆகணும், ஆனா வீட்டிலேயே நீங்களா நிறுத்தாதீங்க. திடீர்னு விட்டா வலிப்பு அடுக்கடுக்கா வந்து நிற்காமப் போகலாம். ராத்திரியானாலும் ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு மாத்திரை அட்டையோட போங்க. வாய்வழியா எதுவும் குடுக்க முடியாத நேரத்தில பெரும்பாலும் லெவெடிரசெட்டம்ங்கற வேற வலிப்பு மருந்தை ஊசியா ஏற்றுவாங்க.

மெடிக்கல் கவுன்டர், தண்டையார்பேட்டை:
டிஸ்சார்ஜ் சீட்டில "வால்ப்ரோயேட் மறுபடி கூடாது"ன்னு மருந்துப் பேரோட எழுதி வாங்குங்க. பிராண்ட் பேரை மட்டும் எழுதினா வேற கடையில வேற பிராண்டா அதே மருந்து திரும்பி வந்துடும். வீட்டு மாத்திரை டப்பாவில மிச்சம் கிடக்கிற பழைய அட்டையையும் அன்னிக்கே எடுத்துடுங்க.