கோலாலம்பூரிலிருந்து மலாக்கா: ஜோங்கருக்கு அடுத்த தெருவும் செட்டி கம்போங்கும்

செந்தூலிலிருந்து

மலாக்கா போய்வந்தவர்களிடம் கேட்டால் சிவப்புக் கட்டடம், விளக்கு பூட்டிய திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷா, சோற்றுருண்டைக் கோழிச்சோறு, செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பு ஆகிய நாலும்தான் பதிலாக வருகிறது. அந்த ஊரில் தமிழனுக்குக் குறைந்தது ஐந்நூறு வருஷ முகவரி இருக்கிறது. அதையும் அங்கே இன்னும் மிச்சமிருக்கும் கைவேலையையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்ப என்ன செய்ய வேண்டும் என்று கோலாலம்பூர் வட்டாரத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து போய்வந்தவர்களும் எழுதினால், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு உதவும். போக்குவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தூரம் சுமார் 145 கிலோமீட்டர். பண்டார் தாசேக் செலாத்தான் பஸ் முனையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல். அந்த முனையத்துக்கு எல்ஆர்டி, கொமுட்டர் ரயில்கள் இரண்டும் வருகின்றன. காலை 7 மணிக்கு ஏறிவிட்டால் வெயில் ஏறுமுன் கோயில் தெருவில் இருக்கலாம். 9 மணிக்குக் கிளம்பினால் ஊருக்குள் நுழையும்போது 12 ஆகிவிடும், விநாயகர் கோயில் நடை சாத்தியிருக்கும், அதற்கப்புறம் மாலை வரை காத்திருப்புதான். மலாக்கா சென்ட்ரலில் பலர் ஏமாந்துபோவார்கள். அது பழைய ஊர் அல்ல, இன்னும் நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டும். உள்ளூர் பஸ் ‘பங்குனான் மேரா’ என்ற சிவப்புக் கட்டடத்தருகே இறக்கிவிடும். நாலு பேர் என்றால் கைப்பேசியில் கூப்பிடும் கிராப் வாடகைக் கார் லாபம்.

காரில் போகிறவர்கள் ஆயர் குரோ டோலில் இறங்குவார்கள். சனி, ஞாயிறு தவிர்க்கப் பாருங்கள். வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் ஜோங்கர் தெருவை வண்டிக்கு அடைத்து இரவுச் சந்தை போடுவார்கள், சுற்றியுள்ள சந்துகள் எல்லாம் நெரிந்துபோகும். வார நடுவில் சில கடைகள் ஒரு நாள் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் பள்ளிவாசலைச் சுற்றிப் பார்க்க முடியாது. இரண்டையும் கணக்குப் பார்த்தால் வியாழக்கிழமை நல்ல நாள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கூட்டம் அப்படியே ஜோங்கருக்குள் போகும். நீங்கள் வலப்பக்கம் ஒரு தெரு தள்ளிப் போங்கள். ஜோங்கருக்கு இணையாக ஓடும் ஒரே தெருதான், ஆனால் துண்டுதுண்டாக மூன்று பெயர்: ஜாலான் துக்காங் பெசி, ஜாலான் துக்காங் எமாஸ், ஜாலான் தோக்கோங். கொல்லர் தெரு, பொற்கொல்லர் தெரு, கோயில் தெரு என்று நம் வாயில் வரும். பெயர்ப்பலகையில் இருக்கும் தொழில் இன்று கடைகளில் பெரும்பாலும் இல்லை. தங்கும் விடுதி, காப்பிக்கடை என்று மாறிவிட்டது. கோயில்கள் மட்டும் இடம் மாறவில்லை.

பொய்யாத விநாயகர் கோயில் துக்காங் எமாஸில் இருக்கிறது. கட்டிய ஆண்டு 1781. டச்சுக்காரர்கள் கொடுத்த நிலம், மலாக்கா செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டி காலத்தில் எழுந்த கோயில். நாட்டில் இன்னும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது என்று இதைத்தான் சொல்கிறார்கள். பத்துமலை, மகா மாரியம்மன் கோயில் அளவுக்குக் கோபுரத்தை எதிர்பார்த்துப் போனால் வாசலைத் தாண்டி நடந்துவிடுவீர்கள். கடைவீடுகளோடு வரிசையில் ஒட்டி, அடக்கமாக நிற்கும் முகப்பு.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: செட்டி வேறு, செட்டியார் வேறு. மலாக்கா செட்டிகள் சுல்தான் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ஆங்கிலேயர் காலத்தில் வட்டித்தொழிலுக்காக வந்தவர்கள். கோயில் நிலம் செட்டிகளுடையது, நிர்வாகம் நகரத்தார் எனப்படும் அந்தச் செட்டியார்கள் கையில். மாசி மகத்தின்போது முருகன் வெள்ளி ரதத்தில் இங்கிருந்து செங் பகுதியில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போய்த் திரும்புவார். அந்த நாளில் போக நினைத்தால் காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பது உத்தமம்.

சில அடி தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல். 1748இல் மரத்தில் எழுப்பி, 1872இல் செங்கல்லில் மாற்றினார்கள். குவிமாடம் கிடையாது. சுமத்ரா பாணியில் அடுக்கடுக்கான கூரை, சீனப் பகோடா போல ஒரு மினாரா, உள்ளே ஐரோப்பியத் தூண்கள், தரையிலும் சுவரிலும் வெளிநாட்டுப் பீங்கான் ஓடுகள். முழங்கால், தோள் மூடிய உடுப்பு வேண்டும், தொழுகை நேரத்தில் நுழையாதீர்கள். ‘கிளிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து வந்தது. பிற்காலத்தில் அது வசைச்சொல்லாகி நம்மில் பலருக்கு முள்ளாகக் குத்துகிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

செராஸிலிருந்து

பிரிக்பீல்ட்ஸ் ஐயா சொன்ன தெருவிலேயே இன்னும் நடந்தால் செங் ஹூன் தெங் என்ற சீனக் கோயில். 17ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. குவான் யின் அம்மன்தான் மூலவர். வாசலில் உயரமான மரப்படி இருக்கும். அதை மிதிக்காமல் தாண்ட வேண்டும், நம் கோயில் நிலைப்படியைப் போலத்தான். நாம் நின்று பார்க்கையில் வலப்பக்க வாசலில் நுழைந்து இடப்பக்க வாசலில் வெளியேறுவது அவர்கள் வழக்கம்.

எல்லாரும் ஊதுபத்தியைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தலையைத் தூக்கிக் கூரை முகட்டைப் பாருங்கள். அங்கே வரிசையாக நிற்கும் பூ, பறவை, நாகம் எதுவும் வெறும் சாயம் பூசிய பொம்மை இல்லை. வண்ணப் பீங்கான் கிண்ணத்தைக் குறடால் சிறு சில்லுகளாகக் கத்தரித்து, சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவத்தின்மேல் ஈரம் காயுமுன் ஒவ்வொன்றாகப் பதித்தவை. சியென் நியென் என்பார்கள். கிண்ணத்தின் வளைவையே பயன்படுத்திக்கொள்வதுதான் நுணுக்கம்: விளிம்பு இதழாகும், வயிற்றுப்பகுதி செதிலாகும். வெயிலிலும் மழையிலும் நிறம் போகாததற்கு அதுதான் காரணம், நிறம் பீங்கானின் மெருகுக்குள்ளேயே இருக்கிறது. உதிர்வது சில்லால் அல்ல, அடியில் உள்ள சாந்தால். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் வைத்துப் பழுதுபார்த்தால் அது சுவரோடு சேர்ந்து மூச்சுவிடாது, ஈரம் உள்ளே தங்கி, ஒரு பாளமாகவே பெயர்ந்துவிடும். இந்தக் கோயிலைப் பழைய முறையிலேயே புதுப்பித்ததற்கு யுனெஸ்கோவின் பாதுகாப்பு விருது கிடைத்தது. நம் கோயில் கும்பாபிஷேகத்துக்குத் திட்டம் போடுகிற கமிட்டிக்காரர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். இதை மனமாரச் சொல்கிறேன்.

கண்ணுக்கு எட்டாது, சின்னத் தொலைநோக்கி இருந்தால் கொண்டு போங்கள். காலை 10 மணிக்கு முன் வெயில் சாய்வாக விழும்போது சில்லுகள் தனித்தனியாகத் தெரியும்.

கெப்போங்கிலிருந்து

கைவேலை என்றால் என் ஓட்டு காசுட் மானிக்குக்குத்தான். மலாய் வழக்கங்களோடு கலந்துபோன சீன வம்சத்தாரான பாபா நியோஞாப் பெண்களின் பாசிமணிக் காலணி. கடைக்கடைக்கு வைத்திருக்கிறார்கள். எது கைவேலை, எது ஒட்டுவேலை என்று தெரியாமல் வாங்கிப் பணத்தை விடுகிறவர்கள் அதிகம்.

வேலை இப்படி நடக்கும். மரச்சட்டத்தில் பருத்திக் கான்வாஸை மத்தளத் தோல் போல் இழுத்துக் கட்டுவார்கள். சட்டத்துக்குப் பிடாங்ஙான் என்று பெயர். கோலம் கட்டத்தாளில் இருக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரு மணி. மயிரிழை ஊசியில் மணியை ஒவ்வொன்றாக எடுத்துத் தைக்க வேண்டும். துணி கொஞ்சம் தொய்ந்தாலும் வரிசை வில்லாக வளையும். இன்னொரு சிக்கல், ஒரே பொட்டலத்து மணிகளும் ஒரே அளவில் இருக்காது. தடித்ததைப் பொறுக்கி ஒதுக்காமல் தைத்தால் பத்து வரிசை போவதற்குள் பூவின் இதழ் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். பட்டை தீட்டிய மணிக்கு மானிக் போத்தோங் என்று பெயர், அது மினுங்கும், விலையும் கூடும். முகப்புத் தைத்து முடிந்தபின் செருப்புத் தொழிலாளி அதற்கு உள்துணி வைத்து, கால் வடிவக் கட்டையில் இழுத்து, அடித்தோலோடு சேர்ப்பார். ஒரு ஜோடிக்கு வாரக்கணக்கு, நுண்மணி என்றால் மாதக்கணக்கு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை: இரண்டு காலையும் பக்கத்தில் வையுங்கள். கோலம் கண்ணாடி பார்த்தது போல எதிரெதிராக அமைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் திரும்பியிருந்தால் யோசியுங்கள். விரல் நுனியால் வரிசையோடு தடவுங்கள். மணி அசைந்தால் நூல் தளர்வு, ஒரு மணி போனால் பக்கத்து மணிகளும் கழன்று வரும். மணிகளுக்கு நடுவே கான்வாஸ் வெள்ளையாகத் தெரியக் கூடாது. அடித்தோலைத் தொடும் விளிம்புதான் சீக்கிரம் பழுதாகும் இடம், அங்கே கோந்து வழிந்து மணியை மூடியிருந்தால் அவசரத்தில் செய்தது. முழுக் கைவேலை ஜோடி சில நூறு வெள்ளியில் (ரிங்கிட்) தொடங்கும், நுண்மணி ஆயிரத்தையும் தாண்டும். ஐம்பது வெள்ளிக்குக் கிடைப்பதை அந்தப் பெயரில் நம்பாதீர்கள். பேரம் பேசும்போதும் அந்த மாதக்கணக்கை நினைவில் வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தண்ணீரில் நனைக்கக் கூடாது. மணிக்கு ஒன்றும் ஆகாது, நூல் இற்றுப்போகும். உலர்ந்த மென்துணியால் துடைத்து, காற்றோட்டமான பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தோல் பூஞ்சை பிடிக்கும்.

செந்தூலிலிருந்து

வயதானவர்களோடு போவோருக்கு ஒரு வார்த்தை. ஜோங்கரில் ஐந்தடி நடைபாதை ஒரே மட்டமாக இராது. கடைக்குக் கடை ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், நடுவில் சாமான் அடுக்கியிருப்பார்கள். சாலையில் இறங்கினால் மோட்டார் உரசும். கோயில் தெருவில் இந்தத் தொல்லை குறைவு. திரிஷா ஏறுமுன் எத்தனை நிமிஷம், எந்த வழி, மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். வண்டியில் போடும் பாட்டை நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள், பெரியவர்களுக்குக் காது நிம்மதி.

கெப்போங்கிலிருந்து

ஆமாம் அண்ணே, செருப்பும் கழற்றி மாட்டச் சுலபமாக இருக்கட்டும். விநாயகர் கோயிலிலும் பள்ளிவாசலிலும் கழற்ற வேண்டிவரும்.

பத்துமலையிலிருந்து

மலாக்கா செட்டிகள் வாழும் குடியிருப்பான செட்டி கம்போங்கை யாரும் இன்னும் சொல்லவில்லையே. காஜா பெராங் சாலையில் இருக்கிறது. ஜோங்கரிலிருந்து நடக்கலாம், மதிய வெயிலில் வேண்டாம். முத்து மாரியம்மன் கோயில் 1822இல் கட்டியது. சமூகத்தின் வரலாற்றைச் சொல்லும் சின்ன அருங்காட்சியகமும் உண்டு. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள்.

முதல் தடவை போகிறவர் திகைப்பது பேச்சில்தான். பெயர் பிள்ளை, நாயக்கர், ராஜா என்று இருக்கும், நெற்றியில் திருநீறு இருக்கும், வீட்டு வாசலில் மாவிலை தொங்கும். வாயைத் திறந்தால் மலாய். பெரியவர்களில் பெண்கள் கெபாயா என்ற மலாய் மேல்சட்டையும் சாரோங்கும் உடுத்துவார்கள். “தமிழ் தெரியாதா?” என்று கேட்பதுதான் நம்மவர்கள் முதலில் செய்யும் தப்பு. தமிழ்நாட்டோடு தொடர்பு அறுந்து எத்தனையோ தலைமுறை ஆன பிறகும் மாரியம்மனை, பொங்கலை, போகியை விடாமல் வைத்திருக்கிறவர்கள் அவர்கள். மலாயில் பேசுங்கள், முதலில் “வணக்கம்” சொல்லுங்கள், போதும்.

போகியன்று அவர்கள் வீடுகளில் பார்ச்சு படைப்பார்கள். முன்னோருக்கு வாழையிலை விரித்து, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை வைத்து, சாம்பிராணி போடுவது. நம் வீட்டுப் படையலேதான், இலையில் மலாய்ச் சமையலும் சேர்ந்திருக்கும். அது குடும்பத்துக்கான சடங்கு, அழைப்பில்லாமல் கேமராவோடு எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியாள் தாராளமாகப் போகக்கூடியது மாரியம்மன் திருவிழா. அங்கே அதற்குப் பெயர் டத்தோ சாச்சார். சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். அம்மை என்ற ஒரே சொல்லில் தாயையும் நோயையும் நாம் சேர்த்து வைத்திருக்கிறோம். மொழி போன பிறகும் அந்தச் சேர்க்கை மலாயில் உயிரோடு இருக்கிறது. பெரும்பாலும் ஏப்ரல், மே வாக்கில் வரும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

செராஸிலிருந்து

துறைமுகம் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் கையில் இருக்கட்டும். மலாக்காவின் பழைய கோட்டையில் மிஞ்சிய ஒரே வாசல் போர்ட்டா டி சாந்தியாகோ. முன்பு அதற்கு எதிரே கடல். இப்போது வாசலில் நிற்கும் பீரங்கி சாலையையும் கடைத்தொகுதியையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது, அத்தனையும் கடலைத் தூர்த்த நிலம். ஜாலான் துன் தான் செங் லோக்கிலும் அதே கதை. ஒரு வரிசை வீடுகளின் பின்கட்டு ஒரு காலத்தில் கடலைத் தொட்டது.

தூர்ப்பதற்கு முன்பே துறைமுகம் தளர்ந்துவிட்டது. ஆற்று முகத்தில் வண்டல் சேர்ந்து பெரிய கப்பல் கரைக்கு வர முடியாமல் போனது. 1786இல் பினாங்கு, 1819இல் சிங்கப்பூர் என்று ஆங்கிலேயர் வேறு துறைமுகம் திறந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது. சுல்தான் காலத்தில் இங்கே நாலு துறைமுக அதிகாரிகள், ஷாபந்தர்கள். ஒருவர் குஜராத்திகளுக்கு மட்டும், இன்னொருவர் நம் சோழமண்டலக் கரைக்காரர்களுக்கும் வங்காளம், பர்மாவின் பெகு, சுமத்ராவின் பாசை என்ற ஊர்க்காரர்களுக்கும். 1511இல் போர்த்துகீசியர் பிடித்தபின் நம் ஆட்களுக்குத் தலைவராக வைத்தது நீனா சத்து என்ற தமிழ் வணிகரை. புனித பவுல் குன்றின்மேல் ஏறி நின்று கடல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று காட்டுங்கள், நூறு வார்த்தை மிச்சம். ஏறுவதற்கு மாலை 5 மணிக்கு மேல் வசதி.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

திரும்பும்போது குலா மலாக்கா வாங்குவீர்கள். தென்னம்பாளைச் சாற்றைக் காய்ச்சி மூங்கில் குழாயில் ஊற்றி எடுப்பது, அதனால்தான் உருளை வடிவம். நம் தென்னங்கருப்பட்டிதான். நல்லது கருமையாக, கட்டைவிரலால் அழுத்தினால் ஓரம் பொடிந்து கொடுக்கும், புகைவாசமும் ஒரு துளி உப்புச்சுவையும் இருக்கும். வெளிறி, கல்லாக இருந்து, இனிப்பு மட்டும் தெரிந்தால் வெள்ளைச் சர்க்கரை கலந்தது. பஸ்ஸில் வெயில் படும் பக்கம் வைக்காதீர்கள், கசிந்து பையெல்லாம் ஒட்டும். தாளில் சுற்றி மூடிய டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கடைசிப் பஸ்ஸை நம்பி உட்காராதீர்கள். விடுமுறை நாளில் மாலைப் பஸ்களில் இருக்கை சீக்கிரம் முடிந்துவிடும், திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.