மறு: ‘மரபணுத் திருத்தம்’ வேண்டாம், ‘பாடமாற்றம்’ பொருந்துமா?

குழுமத்தவர்க்கு வணக்கம்.

மூன்று நாள்களாக இந்த இழையைக் கொழும்பிலிருந்து வாசித்துவருகிறேன். உளநோய்களும் மரபணு மருத்துவமும் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் அச்சுக்குப் போகவேண்டும். ஆங்கிலத்தில் gene editing எனப்படும், மரபணுவின் எழுத்துகளை வெட்டி மாற்றும் முறைக்கு ‘மரபணுத் திருத்தம்’ என்ற சொல் ஏற்கெனவே பரவிவிட்டது, இனி மாற்றிப் பயனில்லை என்று கோவை ஐயா எழுதியிருக்கிறார். நான் மாறுபடுகிறேன்.

சென்ற மாதம் வெள்ளவத்தையில் ஒரு சிறு மண்டபத்தில், உளநோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்காக ஒரு மருத்துவர் சிங்களத்தில் பேசினார். நான் தமிழில் சொன்னேன். பேச்சின் நடுவே ‘மரபணுத் திருத்தம்’ என்றேன், வேறு சொல் அப்போது வாயில் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு உளப்பிளவு நோய் (schizophrenia). “அப்படியென்றால் நான் கொடுத்ததிலேயே பிழை இருந்ததா, பிள்ளை?” என்று கேட்டார். யாருடைய குற்றமும் இல்லை என்பதைத்தான் மருத்துவர் அரை மணி நேரம் விளக்கியிருந்தார். பிழை என்ற எண்ணத்தை அந்தத் தாயின் மனத்தில் போட்டது நான் சொன்ன சொல்.

நம் மொழியில் திருத்தம் தனியாக வருவதில்லை, பிழையையும் கூட்டிக்கொண்டே வருகிறது. பள்ளியில் பிழை திருத்தம். விடைத்தாள் திருத்துவது. எங்கள் தெருக்களில் ‘வாகனம் திருத்துமிடம்’ என்ற பலகை. இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் என்கிறோமே, அங்கே பிழை எங்கே என்று யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் சட்டத்தின் உறுப்புரையைத் திருத்தும்போது மனம் நோக ஒரு தாய் எதிரில் நிற்பதில்லை.

மனம் நோகும் என்பது மட்டும் என் வாதமன்று. அறிவியலும் ‘திருத்தம்’ என்ற சொல்லுக்கு எதிராகவே நிற்கிறது.

மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிறிஸ்பரின் (CRISPR) வழியில் உருவான முதல் சிகிச்சைக்குப் பிரித்தானியா 2023 நவம்பரில் அனுமதி அளித்தது. அரிவாள் உருச் சோகைக்கும், குருநாகல் பக்கத்துக் குடும்பங்கள் நன்கு அறிந்த தலசீமியா என்ற குருதி நோய்க்கும் உரிய சிகிச்சை அது. அதில் ஈமோகுளோபின் மரபணுவில் இருக்கும் பிழையான எழுத்தை யாரும் தொடுவதில்லை. அது அப்படியே கிடக்கிறது. கருவில் இருந்தபோது சுரந்த ஈமோகுளோபினைப் பிறந்த பிறகு அடக்கிவைக்கும் வேறொரு மரபணு உண்டு. குருதியை உண்டாக்கும் மூல உயிரணுக்களில் அதை இயக்கும் ஆளியைத்தான் (switch) வெட்டிவிடுகிறார்கள். அடக்கம் நீங்கியதும் கருக்கால ஈமோகுளோபின் மீண்டும் சுரந்து குறையை ஈடுசெய்கிறது. பிழை தெளிவாகத் தெரிந்த நோயிலேயே நடப்பது திருத்தம் அன்று.

உளநோயில் பெரும்பாலானோரிடம் அப்படிச் சுட்டிக்காட்ட ஒற்றைப் பிழை கிடையாது. உளப்பிளவு நோயில் பரம்பரையின் பங்கு பெரியது, உண்மைதான். ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தாலும், மற்றவருக்கு வராமல் இருப்பதே கூடுதல். 2022இல் வெளிவந்த பெரிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மரபணுத்தொகுதியில் (genome) அடையாளம் கண்டது. அவற்றில் உள்ள வேறுபாடுகள் பெரும்பாலும் நலமாக வாழும் கோடிக்கணக்கானோரிடமும் இருப்பவை. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. இவற்றில் எதைப் பிழை என்று வட்டமிடுவது?

இங்கே எனக்கு ஏடு பதிப்பித்தவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பழைய ஏடுகளை அச்சுக்குக் கொண்டுவந்தபோது, ஏட்டுக்கு ஏடு சொல் வேறுபட்டது. எழுதியவரின் கை தவறியது தெளிவாகத் தெரிந்தால் அது பிழை. இரண்டும் பொருள் தந்தால் அது பாடபேதம்; பாடம் என்பது ஏட்டில் உள்ள சொல்வடிவம். பிழையையும் பேதத்தையும் ஒன்றாகக் குழப்பாத மரபு நம்முடையது. அந்த 287 இடங்களில் இருப்பவை பெரும்பாலும் பாடபேதங்கள். அந்தத் தாய்க்கு அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டியது அதுதான்.

ஆகவே என் முன்மொழிவு: மரபணுப் பாடமாற்றம். ஓர் இடத்தில் உள்ள பாடத்தை வெட்டுவது, நீக்குவது, வேறு எழுத்தை இடுவது எல்லாம் இதில் அடங்கும். முந்தைய பாடம் பிழையா இல்லையா என்று சொல் தீர்ப்புச் சொல்லாது. வெறும் ‘மரபணு மாற்றம்’ போதாது, அது பயிர்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘மரபணுத் தொகுப்பு’ இந்திய இதழ்களில் வருகிறது. ஆனால் பக்கத்திலேயே ‘மரபணுத்தொகுதி’ இருக்கிறது, ஒரு பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். மேலும் இங்கே எதையும் யாரும் தொகுப்பதில்லை. ‘சீராக்கம்’ நல்ல ஒலியுள்ள சொல். ஆனால் சீர்கெட்டதைத்தானே சீராக்குவோம்?

பாடம் என்றால் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும் என்று மட்டக்களப்பு ஆசிரியை எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். வரும். ‘மனப்பாடம்’ என்ற சொல்லில் உள்ள பாடத்தைக் காட்டி விளக்கலாம் என நினைக்கிறேன்.

இன்னொரு சொல்லும் வேண்டும், உள மருத்துவத்துக்கு இதுவே கூடுதல் முக்கியம். எழுத்தைத் தொடாமல், ஒரு மரபணு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதை மட்டும் கூட்டவும் குறைக்கவும் முடியும். 2022இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஆய்வாளர்கள் இதை எலிகளில் செய்து காட்டினார்கள். இளம்பருவத்தில் மதுவுக்கு ஆளான எலிகள் வளர்ந்த பின் பதகளிப்போடும் (anxiety) மது நாட்டத்தோடும் இருந்தன. மூளையில் உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதியில் ஒரே ஒரு மரபணுவின் வாசிப்பை உயர்த்தியதும் இரண்டும் தணிந்தன. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பாடம் அதேதான், வாசிப்புத்தான் வேறு. இதை ‘மரபணு வாசிப்புமாற்றம்’ என்று சொல்லலாம். இரண்டு சொற்களும் ஒரே ஏட்டிலிருந்து பிறந்தவை, ஒன்று மற்றதை விளக்கும்.

எலிக்கும் மனிதருக்கும் இடையில் உள்ள தூரத்தையும் துண்டுப்பிரசுரம் சொல்லவேண்டும். குருதியிலிருந்து மூளைக்குள் கிறிஸ்பர் கருவியைக் கொண்டுசேர்ப்பதே பெரும் தடை. வெள்ளவத்தைக் கூட்டத்தில் ஓர் அண்ணன், “திருத்திவிடலாம் என்றால் தங்கச்சிக்கு மாத்திரையை நிறுத்தலாமா?” என்று கேட்டார். மருத்துவர் உடனே தடுத்தார். திருத்தம் என்ற சொல் கொடுத்த பொய்யான நம்பிக்கை அது. அதற்காகவும் அந்தச் சொல்லை விடவேண்டும்.

சொல்லை மாற்றுவதால் என்ன ஆகிவிடும் என்று ஒருவர் கேட்டிருந்தார். உளப்பிளவு நோய்க்கு ஜப்பானிய மொழியிலும் மனம் பிளந்த நோய் என்ற பொருளில்தான் பெயர் இருந்தது. நோயாளரின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 2002இல் அதை மாற்றினார்கள். நமக்கும் அந்தப் பெயரைப் பற்றி ஒரு நாள் தனி இழை வேண்டும். மனநல மருத்துவமனை இருப்பதால் ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் நகரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறேன்.

gene என்பதற்குப் ‘பரம்பரையலகா, மரபணுவா’ என்ற பழைய வழக்கை இங்கே இழுக்கவேண்டாம். எங்கள் பாடநூல் முன்னதைச் சொல்கிறது, பத்திரிகைகள் பின்னதைச் சொல்கின்றன. முதல் பக்கத்தில் இரண்டையும் தருகிறேன்.

எனக்கு இன்னும் தீராதது வினைவடிவம். ‘பாடமாற்றிய உயிரணு’ என்பதா, ‘பாடம் மாற்றிய உயிரணு’ என்பதா? முன்னது செறிவாக இருக்கிறது, ஆனால் வாய்விட்டு வாசிக்கும்போது நாக்கு இடறுகிறது. இலக்கணம் அறிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதினால், அச்சகத்துக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடுவேன்.