ஹெபடைடிஸ் சி போன பிறகும் மறதி போகவில்லை

அப்பாவுக்கு 61 வயது, மதுரை. 2022-ல் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் இருப்பது தெரியவந்தது, ஜீனோடைப் 3 என்ற வகை. சோஃபோஸ்புவிர், டாக்ளடாஸ்விர் மாத்திரைகளை 12 வாரம் சாப்பிட்டார். வைரஸ் ரத்தத்தில் இல்லை. மறதி மட்டும் அப்படியே இருக்கிறது. மளிகைக்கடைக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டவர், இப்போது சில்லறை எண்ணும்போது பாதியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறார்.

கல்லீரலைப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) இல்லை. அம்மோனியா, தைராய்டு, பி12, மூளை எம்ஆர்ஐ எல்லாம் நார்மல். குடிப்பழக்கம், தூக்க மாத்திரை கிடையாது. 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. சிரோசிஸ் இல்லாதவர்களுக்கும் இந்த வைரஸால் கவனமும் ஞாபகமும் குறையும் என்று படித்தேன். அப்பத்தாவுக்கு அல்சைமர் இருந்தது. அதனால் அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ 4 மரபணு அப்பாவுக்கும் இருக்குமோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

மரபணுச் சோதனை, ஞாபகசக்தியை அளக்கும் நியூரோசைக்காலஜி டெஸ்ட், இரண்டில் எதை முதலில் எடுக்கலாம்?