ஃபோரேயின் ‘கான்தீக் த ழான் ராசீன்’: சுருதி இறங்குவது ஏன்?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் இந்த நால்குரல் பாடலை எங்கள் பாடகர் குழு ஆர்கன் இல்லாமல் ஒத்திகை பார்த்தால் பாதியிலேயே சுருதி இறங்குகிறது. பிரெஞ்சும் கனமாக ஒலிக்கிறது. என்ன வழி?

பதில் 1: பாஸை (ஆண்களின் தாழ்ந்த குரல் பிரிவை) கவனியுங்கள். முதலில் நுழைவது அவர்கள்தான். டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்), ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்), சொப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பிறகுதான் ஒவ்வொன்றாகச் சேரும். பாஸ் தொண்டையை அழுத்தினால் மற்ற மூன்றும் அந்தத் தாழ்ந்த சுருதியையே பிடிக்கும். சொற்களை விட்டுவிட்டு, மெல்லிய ‘ஊ’வில் பாட வையுங்கள். நான்கு அளவைக்கு (இசைத்தாளின் ‘பார்’) ஒருமுறை ஆர்கனில் சரிபாருங்கள். 19 வயதில் ஃபோரே எழுதிய இந்த அழகுக்குப் பெருங்குரல் வேண்டாம்.

பதில் 2: பாடலில் வரும் ‘எஸ்பேரான்ஸ்’ (espérance, நம்பிக்கை) என்ற சொல்லில் ‘ன்’னுக்கு நாக்கு மேலண்ணத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ஒலி அடைபடும். ‘ஆ’வையே மூக்கொலியோடு நீட்டுங்கள். கடைசி ‘எ’ பாடப்படும், ஆனால் லேசாக.

பதில் 3: துணைக்கருவி இல்லாத சுருதிப் பயிற்சிக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் த்யூருஃப்ளேயின் ‘உபி காரிதாஸ்’ (1960) என்ற பாடலை எடுங்கள்.