கலைச்சொல் விவாதம்: திடீர் சிறுநீரகச் சேதம், நாட்பட்ட சிறுநீரக நோய்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளிகளுக்கான தமிழ்க் கையேட்டில் சிறுநீரக நோய்களை எந்தச் சொற்களால் எழுதுவது என்று பேசும் இந்த இழையை முதல் மடலிலிருந்து படித்தேன். சிறுநீரகத்தின் வேலை சில மணி நேரத்திலோ சில நாளிலோ சட்டென்று குறைந்துபோகிற அக்யூட் கிட்னி இஞ்சுரி என்பதற்கு இதுவரை வந்திருப்பவை: கடிய சிறுநீரகக் காயம், தீவிர சிறுநீரகச் செயலிழப்பு, குறுங்காலச் சிறுநீரக ஊறு. என் பரிந்துரை 'திடீர் சிறுநீரகச் சேதம்'. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கிற க்ரானிக் கிட்னி டிசீஸுக்கு ஏற்கெனவே ஊன்றிவிட்ட 'நாட்பட்ட சிறுநீரக நோய்' போதும். செயலிழப்பு என்ற சொல்லை இந்த இரண்டு இடத்திலும் நாம் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நான் டயாலிசிஸ் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நோயின் பெயரைக் கேட்டதும் ஒரு குடும்பம் என்ன முடிவுக்குப் போகிறது என்பதை அன்றாடம் பார்க்கிற இடம் அது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கடிய, தீவிர என்ற இரண்டையும் நான் ஏற்காததற்குக் காரணம் ஒன்றுதான். அக்யூட் என்று மருத்துவர்கள் இங்கே சொல்வது காலத்தை, கடுமையை அல்ல. கேடிகோ என்ற பன்னாட்டு அமைப்பு 2012-இல் வகுத்த அளவுகோலின்படி, ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, தசையிலிருந்து வரும் கழிவு) 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினாலே போதும். அல்லது 7 நாளுக்குள் பழைய அளவைப்போல ஒன்றரை மடங்கு ஆனாலும் போதும். அல்லது 6 மணி நேரம் சிறுநீர் மிகக் குறைந்து போனாலும் இந்தப் பெயர்தான். வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் கிடந்த ஒருவருக்கு கிரியாட்டினின் 0.8 இருந்தது 1.2 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வந்திருப்பது இந்த நோயின் முதல் நிலை. நீர் ஏற்றினால் பெரும்பாலும் இறங்கிவிடும். அவர் சீட்டில் 'தீவிர' என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்? இன்னொரு பக்கம், கிரியாட்டினின் 9 என்ற அறிக்கையைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறி வருகிறவரையும் பார்க்கிறோம். அவருக்கு நோய் ஆண்டுக்கணக்காக மெல்ல ஏறியது. அவருடையது நாட்பட்டது, கடுமையும் அவருடையதுதான். தீவிர என்ற சொல் இந்த இருவரையும் இடம் மாற்றி வைத்துவிடுகிறது.

கடிய என்பதை முன்வைத்த புலவர் ஐயா நன்னூலைக் காட்டியிருந்தார். அவர் சொல்வது சரிதான். கடி என்ற உரிச்சொல்லுக்கு நன்னூல் தருகிற பொருள்களில் விரைவும் உண்டு, கூர்மையும் உண்டு. அக்யூட் என்பதன் இலத்தீன் வேரும் கூர்மைதான் என்பதால் பொருத்தம் அழகாகவே இருக்கிறது. 'கடுகி வந்தான்' என்பதில் இன்றும் விரைவுதான் இருக்கிறது. ஆனால் ஐயா, இன்றைக்குக் 'கடிய நோய்' என்று படிக்கிறவர் மனதில் விரைவு தோன்றாது, கடுமைதான் தோன்றும். இலக்கணம் படித்தவருக்கு மட்டும் சரியாகப் புரிந்து, நோயாளிக்குத் தலைகீழாகப் புரிகிற சொல்லை நோயாளிக்கான கையேட்டில் போட எனக்கு மனம் வரவில்லை.

குறுங்கால என்பதில் வேறு சிக்கல். அது நோய் எவ்வளவு காலம் இருக்கும் என்று சொல்கிறது. நமக்குத் தேவை, எப்படித் தொடங்கியது என்பது. திடீரென்று தொடங்கியது சிலருக்கு முழுதாகச் சரியாகும், சிலருக்குப் பாதி நிற்கும், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். குறுங்காலம் என்று பெயரிலேயே எழுதிவிட்டால், மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் யார் வருவார்கள்? அந்த மறுபரிசோதனை மிக முக்கியம். ஒருமுறை இப்படிச் சேதமான சிறுநீரகம் பிற்காலத்தில் நாட்பட்ட நோய்க்குப் போகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்.

இலங்கை நண்பர் 'சடுதி' என்றார். எனக்குப் பிடித்த சொல். கூட்டுச் சொல்லிலும் நன்றாக ஒட்டுகிறது. தமிழ்நாட்டில் எழுத்தில் புழங்கினாலும் பேச்சில் அவ்வளவாக இல்லை என்பதால்தான் திடீர் என்கிறேன். இலங்கைப் பதிப்பில் சடுதி என்றே இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. இரண்டும் ஒரே பொருளைத்தான் தருகின்றன.

அடுத்தது இஞ்சுரி. 'காயம்' என்றால் எங்கே அடிபட்டது என்றுதான் முதல் கேள்வி வரும். ஸ்கேனில் காயம் தெரிகிறதா என்பது இரண்டாவது கேள்வி. 'ஊறு' நல்ல தமிழ், ஆனால் சிறுநீரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்: சிறுநீரக ஊறு. காதில் சிறுநீர் ஊறுகிறது என்றுதான் விழுகிறது, அதுவும் சிறுநீர் குறைகிற நோய்க்கு. 'பழுது' மக்கள் வாயில் இருக்கிற சொல். ஆனால் 'கிட்னி பழுதாயிருச்சு' என்று சொல்கிறவர் முழுதாகப் போய்விட்டது என்ற பொருளில்தான் சொல்கிறார். 'பாதிப்பு' எல்லாவற்றுக்கும் பயன்படுவதால் எதையும் குறிப்பாகச் சொல்வதில்லை. சேதத்தில் அளவு இருக்கிறது. பயிர்ச்சேதம் கால்வாசியாகவும் இருக்கலாம், முழுதாகவும் இருக்கலாம். மழை விட்டால் தேறிக்கொள்ளவும் செய்யும். அது தனித்தமிழ் அல்லவே என்று வரும் மறுப்பை மதிக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் பொருள் துல்லியமாக இருப்பதுதான் எனக்கு முக்கியம்.

இனி செயலிழப்பு. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற சொல் இதுதான். ஆங்கிலத்திலேயே இதைக் கைவிட்டுவிட்டார்கள். முன்பு அக்யூட் ரீனல் ஃபெயிலியர் என்றுதான் இருந்தது. 2004 முதல் 2007 வரை நடந்த வரையறை முயற்சிகளில் ஃபெயிலியர் போய் இஞ்சுரி வந்தது. சிறு ஏற்றம் முதல் முழு முடக்கம் வரை ஒரே தொடர் என்பதையும், தொடக்கத்திலேயே கவனித்தால் தடுக்கலாம் என்பதையும் பெயரிலேயே காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். நாம் இன்னும் பழைய சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் 'இழப்பு' என்பது ஃபெயிலியரைவிட முடிவான சொல். போனது போனதுதான் என்கிறது.

கண்ணாடி விரியன் கடித்து வருகிற குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். விடம் ரத்தம் உறைவதைக் குலைத்து, சிறுநீரகத்தையும் தாக்கி, சிறுநீர் நின்றுபோகிறது. விடமுறிவு மருந்து கொடுத்து, டயாலிசிஸும் தொடங்குகிறோம். 'செயலிழப்பு, டயாலிசிஸ்' என்ற இரண்டு சொல்லைக் கேட்டதும் வீட்டில் யார் சிறுநீரகம் கொடுப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. நிலத்தை விற்கலாமா என்று கேட்கிறார்கள். ஆனால் இவர்களில் பலருக்குச் சில வாரங்களில் சிறுநீர் திரும்ப வந்து, டயாலிசிஸ் நின்றுவிடுகிறது. டயாலிசிஸ் தொடங்கிய கதையே இதுதான். நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் 1943-இல் இயந்திரத்தை நோயாளிகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கினார். 1945-இல் அதனால் முதன்முதலாகப் பிழைத்தவர், சிறுநீரகம் திடீரென்று நின்றுபோன 67 வயதுப் பெண். சிறுநீரகம் தானாகத் தேறும்வரை உயிரைப் பிடித்து வைக்கிற கருவியாகத்தான் அது வந்தது. நாட்பட்ட நோயாளிக்குத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது 1960-இல், சியாட்டிலில் ஸ்கிரிப்னர் ரத்தக்குழாயில் நிலையாகப் பொருத்தும் குழாயைக் கொண்டுவந்த பிறகு. 'டயாலிசிஸ் என்றால் வாழ்நாள் முழுக்க' என்பது பாதி உண்மைதான் என்று கையேட்டில் தனி வரியாகவே எழுத வேண்டும்.

திடீர் சேதத்தின் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிற ஆங்கிலச் சொற்களை ஒருவர் 'முன்-சிறுநீரக, உள்-சிறுநீரக, பின்-சிறுநீரக' என்று பெயர்த்திருந்தார். ஏரியும் வாய்க்காலும் பார்த்த மக்களுக்கு இதைவிட நல்ல சொற்கள் கையிலேயே இருக்கின்றன: வரத்து, போக்கு. சிறுநீரகத்துக்கு ரத்தம் வருவது குறைந்தால் 'வரத்துக் குறைவு'. வயிற்றுப்போக்கு, வாந்தி, ரத்தப்போக்கு, வெயிலில் வேலை செய்து நீர் வற்றுவது, இதயம் தளர்வது எல்லாம் இதில் வரும். சிறுநீரகத்துக்குள்ளேயே கேடு என்றால் 'உட்சேதம்': பாம்பு விடம், எலிக்காய்ச்சல், சில ஆன்டிபயாட்டிக் மருந்துகள், நட்சத்திரப் பழச் சாற்றை வெறும் வயிற்றில் நிறையக் குடிப்பது. சிறுநீர் வெளியேறும் வழி அடைபட்டால் 'போக்கு அடைப்பு': கல், புராஸ்டேட் வீக்கம், கருப்பைவாய்ப் புற்று. இந்தப் பெயர்கள் சிகிச்சையையும் சொல்லிவிடுகின்றன. வரத்து குறைந்தால் அதை மீட்க வேண்டும், அடைப்பு என்றால் திறந்துவிட வேண்டும், உட்சேதம் என்றால் காரணத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகள், டைக்லோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை, முதல் வகையிலும் இரண்டாவதிலும் வரும். மூட்டுவலிக்காரர்களை நினைத்து இதைக் கொட்டை எழுத்தில் போடச் சொல்வேன்.

நாட்பட்ட என்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே, அல்லது சிறுநீரில் புரதம் போன்ற சேத அடையாளம், மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் நாட்பட்டது. 'இன்னைக்குத்தானே கண்டுபிடிச்சீங்க, எப்படி நாள்பட்டதாச்சு?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வலியில்லாமல் வளர்ந்த நோய், இன்றைக்குத்தான் தெரிந்தது என்று விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். 'தீராத' என்ற பரிந்துரை மட்டும் வேண்டாம். தீராது என்பது உண்மையாக இருந்தாலும், நோயின் ஐந்து நிலைகளில் மூன்றாம் நிலையில் இருப்பவரை அதே நிலையில் பல ஆண்டு நிறுத்தி வைக்க இன்று வழி இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ராமிபிரில், டெல்மிசார்டான் வகை ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைக்கின்றன. சர்க்கரைக்காக வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிக்கும் நோய் ஏறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவ்வளவும் இருக்கும்போது 'தீராத' என்று கேட்டுவிட்டு, மாத்திரையை நிறுத்திப் பச்சிலைக்குப் போனவர்கள் எங்கள் பிரிவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

இலங்கையின் வட மத்திய மாகாணத்தில், அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம், 1990-களிலிருந்து விவசாயிகளிடம் காணப்படும் நோய்க்கு 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று எழுதுகிறார்கள். ஆந்திரத்தின் உத்தானத்திலும், எல் சால்வடார், நிகராகுவா கரும்புத் தோட்டங்களிலும் இதே போன்ற நோய் இருக்கிறது. வெயில், நீரிழப்பு, கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடும் கடினத்தன்மையும், வேளாண் நச்சுகள் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. எதுவும் தனியாக உறுதியாகவில்லை. அதனால் 'அறியப்படாத' என்பதைவிட 'காரணம் உறுதிப்படாத' என்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஒன்றுமே தெரியாது என்று சொல்வது அங்கே உழைத்த ஆய்வாளர்களுக்கும் நியாயமில்லை, தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்கிற மக்களுக்கும் நியாயமில்லை.

இறுதிநிலை என்ற சொல்லையும் மாற்ற வேண்டும். ஐந்தாம் நிலையை, அதாவது வடிகட்டும் வீதம் 15-க்குக் கீழே போனதை, 'இறுதிநிலை' என்று எழுதினால் மரணப் படுக்கை என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். டயாலிசிஸோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்று அறுவை செய்துகொண்டு பல ஆண்டு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலும் என்ட் ஸ்டேஜ் என்பதைத் தவிர்க்கும்படி கேடிகோ 2020-இல் வெளியிட்ட சொற்பட்டியல் சொல்கிறது. நாம் 'ஐந்தாம் நிலை' என்று எண்ணாலேயே சொல்லலாம். செயலிழப்பு என்ற சொல் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் அதை இங்கே மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு சொல்லில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ரீனல் ரீப்ளேஸ்மென்ட் தெரப்பி என்பதைச் 'சிறுநீரக மாற்றுச் சிகிச்சை' என்று எழுதுகிறார்கள். அது ரத்த டயாலிசிஸ், வயிற்று டயாலிசிஸ், உறுப்பு மாற்று மூன்றையும் குறிக்கிற பொதுச்சொல். ஆனால் தமிழில் சிறுநீரக மாற்று என்றாலே உறுப்பு மாற்று அறுவைதான். டயாலிசிஸுக்கான ஒப்புதல் படிவத்தில் இந்தச் சொல்லைப் பார்த்துக் கையெழுத்திட மறுத்தவர்களும் உண்டு. 'ஈடுசெய் சிகிச்சை' என்பது இப்போதைக்கு என் மனதில் இருக்கிறது. இழந்த வேலையை வேறு வழியில் ஈடுசெய்வது என்ற பொருளில். 'பதிலிச் சிகிச்சை' என்றும் யோசித்தேன், கொஞ்சம் செயற்கையாக ஒலிக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு மருத்துவமனைகளில் இதற்கு என்ன புழங்குகிறது என்று அங்கிருப்பவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அப்புறம், கிரியாட்டினினை 'உப்பு' என்று சொல்வது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 'ரத்தத்துல உப்பு கூடிருச்சு' என்பது ஊர் வழக்கு, மருத்துவர்களே அப்படிச் சொல்வதுண்டு. கையேட்டில் அதை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சோற்று உப்பைக் குறைத்தால் கிரியாட்டினின் இறங்கிவிடும் என்று நம்பி, உப்பை அடியோடு விட்டவர்களும் உண்டு. சாதா உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்கிற பொட்டாசிய உப்புக்கு மாறியவர்களும் உண்டு. இரண்டாவது பெரிய ஆபத்து. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். கிரியாட்டினின் என்று அப்படியே எழுதி, 'தசையிலிருந்து வரும் கழிவு' என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

திடீர் சிறுநீரகச் சேதம், வரத்துக் குறைவு, உட்சேதம், போக்கு அடைப்பு, ஐந்தாம் நிலை ஆகியவற்றுக்கு மறுப்பு இருப்பவர்கள், மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள். நாட்பட்ட நோய் இருப்பவருக்கே திடீர் சேதமும் வருகிற நிலைக்கு, 'நாட்பட்ட நோயின்மேல் திடீர் சேதம்' என்று என் சொற்களை வைத்து எழுதிப் பார்த்தேன், பொருள் சிதையவில்லை. உங்கள் மாற்றுச் சொல்லையும் அதே தொடரில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினர்